பட்டயமா, பட்டமா? பாதை தெரிந்து நடப்போம்!

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும், சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்து எளிய வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. "பெண் தேறிவிட்டாள், இனி என்ன செய்வது?" கேள்வி சிறிது. விடையோ அந்தக் குடும்பத்தின் அடுத்த பத்தாண்டுகளை உருவாக்கவும் வல்லது, உருக்குலைக்கவும் வல்லது.

குடைவரைக் கோவிலால் பெயர் பெற்ற ஊர் அது. இன்றோ வெளியூர் மக்கள் பலருக்கு அதன் பெயர் தொழிற்சாலைகளின் மூலமாகவே தெரிகிறது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பெருஞ்சாலையிலிருந்து ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் பிரியும் சாலை அங்கேதான் தொடங்குகிறது. கார், சரக்கு வண்டி, டயர், கைபேசி என்று உலகச் சந்தைக்குப் பொருள் அனுப்பும் ஆலைகள் அந்தச் சாலையின் இருமருங்கிலும் எழுந்திருக்கின்றன. பொழுது விடியுமுன் ஆலைப் பேருந்துகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போரில் பலர் பதினெட்டும் பத்தொன்பதும் வயதான பெண்கள்.

ஆகவே, தேறிய பெண்ணின் வீட்டு வாசலுக்கு மூன்று அழைப்புகள் வந்து நிற்கின்றன. "இன்றைக்கே அனுப்புங்கள், மாதம் பிறந்தால் சம்பளம்" என்பது ஆலைக்கு ஆள் சேர்ப்போரின் அழைப்பு. "செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் போடு" என்பது பள்ளி ஆசிரியையின் அழைப்பு. "ஓராண்டிலேயே நர்சு ஆகலாம், வேலைக்கு நாங்கள் பொறுப்பு" என்பது கடைத்தெரு மாடியில் பலகை மாட்டியிருப்போரின் அழைப்பு.

செவிலியர் படிப்புதான் என்று முடிவு செய்த வீட்டிலும் வழக்கு தீர்ந்துவிடுவதில்லை. "மூன்று ஆண்டில் பட்டயம் வாங்கினால் போதாதா? நான்கு ஆண்டு படிக்க வைக்க என்னிடம் ஏது வசதி?" என்கிறார் தகப்பனார். "நான்கு ஆண்டு படித்தால் பட்டதாரி ஆகிவிடுவாளே!" என்கிறார் ஆசிரியை. "எதைப் படித்தாலும் கடைசியில் ஊசி போடுகிற வேலைதானே!" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையை நம்பி முழு வாழ்வைப் பணயம் வைக்கும் பெற்றோர் பலர் என்பதால், மீதிப் பாதியையும் எடுத்துரைப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

படிகள் எத்தனை?

முதலில் விவரம் அறிவோம். இந்திய செவிலியர் மன்றம் வகுத்த விதிப்படி, இத்துறைக்குள் நுழையும் வாயில்கள் மூன்று. துணைச் செவிலியர் பேறுகால உதவியாளர் என்னும் படிப்பு இரண்டு ஆண்டு, 'ஏ.என்.எம்.' என்று மக்கள் சொல்வது இதைத்தான். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுபவர், கர்ப்பிணிகளின் கணக்கெடுத்து வீடு வீடாகச் செல்பவர் இந்தப் படிப்பின் வழி வருபவர். அடுத்தது, பொதுச் செவிலியமும் பேறுகால உதவியும் சேர்ந்த பட்டயப் படிப்பு, 'ஜி.என்.எம்.' என்பார்கள், மூன்று ஆண்டு. மூன்றாவது பி.எஸ்சி. செவிலியர் பட்டப் படிப்பு, நான்கு ஆண்டு, 2021-22ஆம் கல்வியாண்டு முதல் எட்டுப் பருவங்களாக நடத்தப்படுகிறது.

பட்டயம் தருவது செவிலியர் பள்ளி. பட்டம் தருவது பல்கலைக் கழகம். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் 1987-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் 1988 முதல் இயங்கி வரும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்துடையது. நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் தனியே பட்டம் தருகின்றன.

இங்கே பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. பட்டப் படிப்புக்கு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். அவற்றில் 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது மன்றத்தின் பொது விதி. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்குச் சலுகை உண்டு. பட்டயப் படிப்புக்கு 40 விழுக்காடு போதும். கலைப் பிரிவில் படித்தவருக்கும், தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் பயின்றவருக்கும் அங்கே இடம் உண்டு.

இதன் பொருள் என்ன? பட்டமா, பட்டயமா என்னும் வழக்கு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு தொடங்குவதாக நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் பத்தாம் வகுப்பு முடிந்த அன்றே, பதினைந்து வயதுப் பெண் எந்தப் பிரிவில் சேர்ந்தாள் என்பதிலேயே அந்த வழக்கில் பாதி தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது! உயிரியல் பிரிவு இல்லாத பள்ளியில் படித்தவள், உயிரியல் கடினம் என்று யாரோ அச்சுறுத்தியதால் வேறு பிரிவு எடுத்தவள், பட்டப் படிப்பின் வாயிலை எட்டிப் பார்க்கவும் வழியில்லை. எனவே ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிக்கும் பெண்களின் பெற்றோரே இந்தக் கட்டுரையை முதலில் படிக்க வேண்டியவர்கள் என்போம்.

பள்ளியும் கல்லூரியும் வந்த கதை

செவிலியர் கல்வி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1909-ல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் செவிலியர் பள்ளி கண்டார். 1926-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம் செவிலியர், பேறுகால உதவியாளர் சட்டத்தை இயற்றிற்று. பயிற்சி பெற்றவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் முறை அதனால் உறுதிப்பட்டது. இந்தியாவில் செவிலியர் பட்டப் படிப்பு 1946-ல்தான் பிறந்தது. பிறந்த இடங்கள் இரண்டு: ஒன்று டெல்லி, மற்றொன்று நம் வேலூர். மறு ஆண்டு, 1947-ல், இந்திய செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாகத் தேசிய ஆணையம் அமைக்கும் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

பள்ளி பிறந்து முக்கால் நூற்றாண்டு கழித்தே கல்லூரி பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த முக்கால் நூற்றாண்டில் நோயாளியைத் தொட்டுத் தூக்கியவர், புண் கழுவியவர், கொள்ளை நோய்க் காலத்தில் கண் விழித்தவர் எல்லாம் பள்ளியில் பயின்றவரே. ஆகவே, 'பட்டயம் பெற்றவர் அரைச் செவிலி' என்று எவரேனும் ஏளனம் பேசினால், அவர் வரலாறு அறியாதவர் என்று ஒதுக்கிவிடலாம்.

தகப்பனார் சொல்லில் உள்ள உண்மை

மூன்று ஆண்டுப் பட்டயம் போதாதா என்று தகப்பனார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அந்த வாரியம் 2015-ல் 7,243 செவிலியர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியபோது, பட்டயம் பெற்றவரும் பட்டம் பெற்றவரும் ஒரே தேர்வை எழுதினர். ஒரே பணிக்குத் தேர்வாயினர். வார்டில் நின்றால் ஒரே சீருடை, ஒரே பணி முறை, ஒரே நோயாளி.

ஓராண்டு முன்னதாகச் சம்பளம் வருகிறது என்பது ஏழை வீட்டுக்குச் சிறு செய்தியா? தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், தந்தையின் கடன் எல்லாம் அந்த ஓராண்டைப் பார்த்துக் காத்திருக்கும். 'இன்னும் ஓராண்டு பொறுக்கக் கூடாதா?' என்று மாளிகையில் இருப்பவர் கேட்பது எளிது.

பட்டயம் பெற்றவருக்கு மேலே செல்லும் கதவும் அடைபடவில்லை. பட்டயம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட பின், இரண்டு ஆண்டு தொடர் பட்டப் படிப்பு படித்தால் அவரும் பி.எஸ்சி. பட்டதாரி. மூன்றும் இரண்டும் ஐந்து, நேர்வழியில் நான்கு. ஓர் ஆண்டு கூடுதல்தான். அதற்கு ஈடாக, இடையிலே வேலை பார்த்துச் சேமித்த பணமும், வார்டில் கற்ற அனுபவமும் கையில் இருக்கும்.

இருக்கும், ஆனால் எல்லாருக்கும் இருக்குமா? இடையிலே திருமணம் வரும், குழந்தை வரும், வேலையை விட்டால் மீண்டும் கிடைக்குமோ என்ற அச்சம் வரும். ஏட்டிலே பாலம் இருப்பது வேறு. ஏழைப் பெண் அதில் நடந்து அக்கரை சேர்வது வேறு. 'பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடும் பெற்றோர் இதை மறந்துவிடலாகாது.

ஆசிரியை சொல்லில் உள்ள உண்மை

பட்டம் பெறு என்று ஆசிரியை சொல்வதற்குக் காரணங்கள் வலுவானவை. டெல்லி எய்ம்ஸ் முதலிய மத்திய அரசு மருத்துவ நிலையங்களின் செவிலியர் அலுவலர் பணியை எடுத்துக் கொள்வோம். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி அப்பணிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 44,900. பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர் நேரே தேர்வு எழுதலாம். பட்டயம் பெற்றவரோ, 50 படுக்கைகளேனும் உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணி செய்த பிறகே எழுத முடியும். ஓராண்டு மிச்சம் பிடித்தவர் இங்கே இரண்டு ஆண்டு காத்திருக்க நேர்கிறது!

எம்.எஸ்சி. படித்துக் கல்லூரியில் விரிவுரையாளராகவோ முதல்வராகவோ அமர வேண்டுமானால் பட்டம் இன்றியமையாதது. கடல் கடந்து செல்வோருக்கும் பட்டம் பல கதவுகளை எளிதாகத் திறக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ல் உலகில் இருந்த செவிலியர் 2 கோடியே 98 இலட்சம் பேர். பற்றாக்குறை 58 இலட்சம். இவ்வளவு பெரிய தேவை உள்ள தொழிலுக்கு எந்தத் தகுதியோடு நம் பெண் போய் நிற்கிறாள் என்பதைப் பொறுத்தே அவள் பெறும் மதிப்பும் அமையும்.

நோயாளியின் பக்கம் நின்று பார்த்தாலும் படிப்பின் அருமை புலப்படும். 2014-ல் 'லான்செட்' மருத்துவ ஏடு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐரோப்பாவில் ஒன்பது நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை பெற்ற நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். செவிலியரில் பட்டதாரிகளின் பங்கு பத்து விழுக்காடு உயர்ந்த இடத்தில், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. ஆசிரியை கட்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அதே ஆய்வு சொல்லும் இன்னொரு கணக்கை மருத்துவமனை முதலாளிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஒரு செவிலி கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது! பட்டதாரியை வேலைக்கு வைத்து, அவர் தலையில் பத்து நோயாளிகளையும் இருபது நோயாளிகளையும் சுமத்தினால், படிப்பால் வரும் நன்மையைப் பளு தின்று தீர்த்துவிடும். நம் செவிலியர் மன்றத்தின் அளவுகோல், பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்பது. இரவுப் பணி நேரத்தில் எந்த வார்டிலாவது நுழைந்து எண்ணிப் பாருங்கள், இந்த அளவுகோல் எங்கே நிற்கிறது என்று!

பிற நாடுகள் எப்படிச் செய்தன? இங்கிலாந்து 2013 முதல் செவிலியராகப் புதிதாகச் சேர்வோர் யாவரும் பட்டம் பெற வேண்டும் என்று ஆக்கியது. பின்னர், உதவியாளருக்கும் பட்டதாரிச் செவிலிக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்ததை உணர்ந்து, இரண்டு ஆண்டுப் பயிற்சி பெறும் துணைச் செவிலியர் என்றொரு படியைக் கட்டி, 2019-ல் அவர்களுக்குப் பதிவேடும் திறந்தது. ஜெர்மனியோ மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சியையே முதன்மை வழியாக வைத்துக் கொண்டது. 2020-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் பயிற்சிக் காலத்தில் ஊதியத்தையும் உறுதி செய்து, பக்கத்திலேயே பட்டப் படிப்புக்கும் வழி வகுத்தது. இரண்டு நாடும் கற்றுத் தரும் பாடம் ஒன்றே. படிகள் பல இருக்கலாம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பள்ளம் இருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஏளனம்

"ஊசி போடுகிற வேலைதானே" என்ற பேச்சில் பழைய நஞ்சு ஒளிந்திருக்கிறது. பேறு பார்க்கும் மருத்துவச்சியைப் பிள்ளை பிறக்கும் வரை தெய்வமாகக் கும்பிட்டு, பிறந்த பின் திண்ணைக்கு வெளியே நிறுத்திய சமுதாயம் இது. உடலைத் தொட்டுச் செய்யும் உழைப்பெல்லாம் தாழ்வு, ஏட்டைத் தொட்டுச் செய்வதே உயர்வு என்று வகுத்தவர்களின் வாரிசாக இருந்து கொண்டுதான் இந்தப் பேச்சைப் பேசுகிறோம். ஒரு மருந்தின் அளவில் ஒரு புள்ளி தவறினால் உயிர் போகும், அதைக் கண்டுபிடித்து மருத்துவரிடமே, "அய்யா, அளவு சரிதானா?" என்று கேட்கும் துணிவு செவிலிக்கு வேண்டும். அந்தத் துணிவைத் தருவது படிப்பு. அது ஊசி போடுகிற வேலைதானா?

ஆயினும் அந்தப் பேச்சில் உள்ள பாதி உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊதியத்தைப் பொறுத்தவரை, பட்டமும் பட்டயமும் ஒன்றாகவே நலிந்து கிடக்கின்றன. 2015-ல் தேர்வு எழுதி வந்த அரசுச் செவிலியருக்குத் தொகுப்பூதியமாகக் கொடுக்கப்பட்டது மாதம் ரூ. 7,700. இரண்டு ஆண்டு கழித்து, 2017 நவம்பரில், பணியை நிரந்தரமாக்கு என்று கேட்டு ஆயிரக்கணக்கான செவிலியர் சென்னை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் திரண்டு அமர்ந்தனர். பட்டம் பெற்றவரும் அங்கே தரையில்தான் உட்கார்ந்தார். பட்டயம் பெற்றவரும் தரையில்தான் உட்கார்ந்தார். கோரிக்கை எழுப்பியபோது எவர் கல்லூரி, எவர் பள்ளி என்று பிரித்துப் பார்க்கவில்லை.

தனியார் மருத்துவமனைகளின் நிலை இதைவிட மோசம் என்பதால்தான் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தலையிட்டது. அதன்படி மத்திய அரசு அமைத்த குழு, 200-க்கு மேல் படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 முதல் 200 வரை உள்ளவற்றில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழ் எனில் ரூ. 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பிறந்து பத்தாண்டு ஓடிவிட்டது. பரிந்துரை என்பது சட்டமாகாத வரை, அது முதலாளியின் மேசையில் கிடக்கும் காகிதம்தானே!

மாடிப்படி நர்சுகள்

இனி அந்த மூன்றாவது அழைப்புக்கு வருவோம். நம் நெஞ்சைச் சுடுவது அதுதான். ஓராண்டு, ஆறு மாதம் என்று குறுகிய காலப் பயிற்சி. 'நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ' என்று கவர்ச்சியான பெயர். வெள்ளைச் சீருடை, தலையில் தொப்பி, சுவரில் நைட்டிங்கேல் அம்மையாரின் படம், முடிவில் ஒரு சான்றிதழ்! அந்தச் சான்றிதழை எடுத்துக் கொண்டு தமிழ்நாடு செவிலியர், பேறுகால உதவியாளர் மன்றத்துக்குப் போனால் பதிவேட்டில் பெயர் ஏறாது. பெயர் ஏறாதவர் சட்டத்தின் கண்ணில் செவிலி அல்லர். அரசுத் தேர்வு எழுத முடியாது. வெளிநாடு செல்ல முடியாது. மேலே படிக்கவும் முடியாது. நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்தால் பழி மட்டும் அவர் தலையில் விழும்.

இந்த வலையில் விழுவோர் யார்? ஒரகடம் சாலைப் பேருந்துக்கு மகளை அனுப்ப மனமில்லாத தகப்பன். கல்லூரிக் கட்டணம் கேட்டு மலைத்துப் போன தாய். தோட்டை விற்றாவது பெண்ணைப் 'படித்த நர்சு' ஆக்கிவிட வேண்டும் என்று துடிக்கும் ஏழைகள். அவர்களுடைய ஆசையே அவர்களை ஏமாற்றும் தூண்டில். மன்றம் பலமுறை எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கை ஏட்டில் இருக்கிறது. பலகை தெருவில் இருக்கிறது. பலகையை இறக்குவது யார் கடமை என்று அரசைக் கேட்கிறோம்.

பெற்றோருக்கு எளிய சோதனை ஒன்று சொல்வோம். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: இந்தப் படிப்பு முடித்தால் மாநில மன்றத்தில் பதிவு உண்டா? இரண்டு: உங்கள் நிறுவனத்தின் பெயர் மன்றத்தின் ஏற்புப் பட்டியலில் இந்த ஆண்டு இருக்கிறதா? மூன்று: பிள்ளைகள் பயிற்சி பெறும் மருத்துவமனை எது, அதில் படுக்கை எத்தனை? செவிலியர் நிறுவனம் நடத்துவோர்க்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது பொது விதி. நோயாளியே இல்லாத இடத்தில் செவிலியம் கற்பது, குளமே இல்லாத ஊரில் நீச்சல் கற்பது போன்றது! மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலாக விடை வந்தாலும், கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்குங்கள்.

ஆலையும் செவிலியும்

ஆலை வேலையை நாம் இழிவாகப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். உழைத்து வாழும் பெண்ணின் வியர்வை எங்கே சிந்தினாலும் அது மதிக்கத்தக்கது. ஆனால் 2014 நவம்பரில் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, கைபேசி இணைக்கக் கற்ற பெண்கள் பல ஆயிரம் பேர் வேறு வேலை தேடி அலைந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. 2022-ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றதையும் மறக்கவில்லை. ஆலை மூடினால் அங்கே கற்ற வேலையும் அதோடு மூடிப் போகிறது. செவிலியின் தொழில் அவள் கையோடு இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் உடன் வருகிறது.

மேலும், இந்த ஆலைகளுக்கே செவிலியர் தேவை. 500-க்கு மேல் தொழிலாளர் உள்ள ஆலையில் மருத்துவ அறை வேண்டும், அதனை மருத்துவரும் செவிலியரும் பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 2020-ன் தொகுப்புச் சட்டத்திலும் 500 என்ற அந்த எல்லையோடு மருத்துவ அறை இடம் பெற்றிருக்கிறது. 2021 டிசம்பரில் மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். ஆயிரம் பெண்கள் தங்கும் விடுதியில் முறையாகப் படித்த ஒரு செவிலி இருந்து, வயிற்றுவலி என்று வந்த முதல் பெண்ணிலேயே ஆபத்தை உணர்ந்து குரல் கொடுப்பதன் அருமை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்! இந்த வட்டாரத்தின் பெண், இந்த வட்டாரத்தின் உழைப்பாளிகளைக் காக்கும் செவிலியாக வர வேண்டும் என்பது நம் ஆசை.

நாம் சொல்வது என்ன?

சுருங்கச் சொல்வோம். அறிவியல் பிரிவில் படித்து, அரசுக் கல்லூரியிலோ அரசு ஒதுக்கீட்டிலோ பட்டப் படிப்புக்கு இடம் கிடைக்குமானால், ஓராண்டைப் பெரிதென எண்ணாமல் பட்டத்துக்கே போகட்டும் பெண். செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டி அரசு செவிலியர் கல்லூரி உண்டு. சிங்கப்பெருமாள் கோவில் பெண் வீட்டிலிருந்தே போய் வரலாம். அந்த இடம் கிடைக்காமல், கடன் வாங்கித் தனியாரிடம் பட்டம் படிப்பதா, குறைந்த செலவில் ஏற்புடைய பள்ளியில் பட்டயம் படிப்பதா என்ற நிலை வந்தால், பட்டயத்தைத் தாழ்வென எண்ண வேண்டாம். படித்து, பதிவு செய்து, பணியாற்றி, தொடர் பட்டத்துக்கு நாள் குறித்துக் கொள்ளட்டும். கலைப் பிரிவில் படித்தவளுக்கும் அதுவே நேர்வழி. மாடிப்படிச் சான்றிதழின் பக்கம் மட்டும் எவரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சேர்க்கை விதிகள் மாறக் கூடியவை. ஆண்டுதோறும் அரசு வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படித்து, பள்ளி ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவது நலம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப் பெண் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பட்டம், பட்டயம் இரண்டுக்கும் சேர்த்தே அது வகுக்கப்பட்டது. பட்டதாரிக்கு ஒரு நீதி, பட்டயக்காரிக்கு ஒரு நீதி என்று பிரிக்காத அந்த நோக்கே இத்துறை முழுவதிலும் பரவ வேண்டும் என்கிறோம்.

அரசுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. 2023-ல் மத்திய அரசு அறிவித்த 157 செவிலியர் கல்லூரிகளில் தமிழ்நாட்டின் பங்கு 11. இடங்கள் பெருகும்போது, பணியில் உள்ள பட்டயச் செவிலியர் ஊதியத்தோடு விடுப்பு எடுத்துத் தொடர் பட்டம் படிக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் சொல்லிப் பிறந்த ஊதியப் பரிந்துரையைச் சட்டமாக்க வேண்டும். ஏற்பில்லாத பயிற்சிக் கூடங்களின் பலகைகளை அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இறக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் வானத்து நிலவைப் பிடித்துத் தரச் சொல்வதன்று. நாளை நாம் நோயுற்றுப் படுக்கும்போது நம் நாடியைப் பிடிக்கப் போகும் கை, இன்று எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் கைதான். அவள் சரியான வாசலில் நுழைந்தால் பிழைப்பது அவள் குடும்பம் மட்டுமன்று, நாமும்தான். பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்; அரசு செயலில் காட்டட்டும்!